ஓட்டுக் கூரையில் பாசி: ஏணி வைப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் இருக்கிறது. மாமனார் காலத்து வீடு. முன்பக்கம் கள்ளிக்கோட்டை ஓடு. பின்னால் குசினிக்காகப் பிறகு இறக்கிய பத்திக்கு அஸ்பெஸ்டஸ் தகடு. நான்கு வருடத்துக்கு முன் கிழக்குப் பக்கக் காணியில் ஏழு மாடித் தொடர்மாடி எழும்பியது. அதற்குப் பிறகு கூரை கறுத்து, இப்போது மெத்தை மாதிரிப் பச்சைப் பாசி. இந்த ஐப்பசி மழையில் முன் அறைச் சீலிங்கில் இரண்டு இடத்தில் ஈரம் ஊறிவிட்டது. கனடாவில் இருக்கும் மகன் வீடியோ அனுப்பி, பிரஷர் வோஷர் வாங்கி அடிக்கச் சொல்கிறான். குளோரின் கலந்து ஊற்றினால் போதும் என்கிறார் ஹார்ட்வெயார் கடைக்காரர். என் கணவருக்கு 66 வயது. "யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் நான் ஏறாத கூரையா, நானே ஏறிச் சுரண்டுகிறேன்" என்கிறார். எதைச் செய்வது? – வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் பாசியை விட என்னை உறுத்தியது ஐயா சொன்ன அந்த வசனம்தான். அவர் சின்ன வயதில் ஏறியவை காய்ந்த கூரைகள். கொழும்பில் நான்கு வருடம் நிழலில் கிடந்த கூரை வேறு சாமான். தயவுசெய்து அவரை ஏற விடாதீர்கள். வயதைக் குறைத்துப் பேசுவதாக அவர் நினைக்க வேண்டாம். 30 வருடத்துக்கு மேலாக இந்தக் கூரைத் தொழிலில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற பொடியன்களையே பாசி பிடித்த ஓட்டில் கால் வைக்க நான் விடுவதில்லை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பத்தி, உங்களுடையதைப் போலவே அஸ்பெஸ்டஸ். என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பொடியனிடம், "ஆணி அடித்த வரிசையிலேயே காலை வை, அதற்குக் கீழே மரம் இருக்கிறது" என்று சொல்லி ஏற்றிவிட்டேன். எனக்கு வேலை பழக்கிய பாஸ் சொன்னதும் அதுதான். அவன் சொன்னபடியே நடந்தான். ஆனால் குசினிக்கு வெளிச்சம் வரட்டும் என்று நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தகடு போட்டிருந்தார்கள். அதே அலை, அதே அகலம், அதன் மேலும் அதே கறுப்புப் பாசி. மேலே நின்று பார்த்தால் எது அஸ்பெஸ்டஸ், எது பிளாஸ்ரிக் என்று தெரியவில்லை. கால் வழுக்கி அரை அடிதான் விலகியது. தகடு உடைந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில் விழுந்தான். இடுப்பெலும்பும் ஒரு மணிக்கட்டும் முறிந்தன. எழும்பி நடக்க ஐந்து மாதம் எடுத்தது. ஆணி வரிசையில் நடக்கலாம் என்ற பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன். அது கயிற்றின் மேல் நடப்பது போலத்தான். ஒரு தரம் தடுமாறினால் பிடிக்க ஒன்றுமில்லை. அந்தத் தகடு பாசி இல்லாமல் புதிதாக இருந்தாலும் ஆளின் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: பாசி இருக்கிற இடத்துக்கு ஆளை ஏற்றாமல், பாசி பிடித்த ஓட்டைக் கீழே இறக்குங்கள். எப்படி என்று சொல்வதற்கு முன், மகன் அனுப்பிய வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கனடாவில் பெரும்பாலான வீடுகளுக்குத் தார் பூசிய மென்மையான தகடுகளைப் பலகையின் மேல் அறைந்திருப்பார்கள். அந்தத் தகடுகளைச் செய்கிற கம்பனிகளே பிரஷர் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. சுட்ட களிமண் ஓட்டுக்கு அது இன்னும் பொல்லாதது. அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள்: வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கு இரண்டு, மூன்று பார். கடையில் விற்கும் சின்ன மெஷின்கூட 100 பாருக்கு மேல் அடிக்கும். ஓட்டைச் சூளையில் சுடும்போது அதன் மேற்பரப்பு இறுகி ஒரு தோல் மாதிரி ஆகிறது. தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது பெரும்பாலும் அந்தத் தோல்தான். பிரஷர் அடித்தால் இறங்கு குழாயால் சிவப்புத் தண்ணீர் ஓடும். அழுக்குப் போகிறதென்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். போவது ஓட்டின் தோல். அன்று கூரை புத்தம் புதிதாகத் தெரியும். அடுத்த மழைக்கு அந்த ஓடு முன்பைவிடக் கூடுதலாகத் தண்ணீரைக் குடிக்கும், பாசியும் முன்பைவிடக் கெதியாகப் பிடிக்கும். அதோடு, ஓடுகள் மேலிருந்து கீழே வழிகிற மழைக்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. கீழிருந்து மேலாகப் பீச்சினால் தண்ணீர் இடுக்கால் ஏறி நேரே சீலிங்குக்குள் போகும்.

இனி அந்தப் பாசி என்ன என்று பார்ப்போம். கறுப்பாகப் படர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பாசி. ஓட்டுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை, நிறம்தான் கெடும். ஆனால் நனைந்தால் சவர்க்காரம் போல வழுக்கும். சல்லிக் காசு ஒட்டியது போல வெளிறிய வட்டங்கள் இருந்தால் அவை வேறு இனம். இறுகப் பிடித்திருக்கும், சுரண்டப் போனால் ஓட்டையும் கொண்டுவரும். அவற்றை விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தொல்லை தருவது மெத்தை மாதிரி வளர்வதுதான். அதற்கு உண்மையான வேர் கிடையாது, மயிர் போன்ற இழைகளால்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு ஓடும் அடுத்த ஓடும் சேருகிற இடுக்கில் அது வளர்ந்தால், மழைத் தண்ணீர் ஓட்டுக்கு மேலால் வழிந்து போகாமல் மெத்தையில் தேங்கி, பஞ்சு உறிஞ்சுவது போலப் பின்னுக்கு ஏறி, ஓட்டின் மறுபக்கத்தில் சொட்டும். உங்கள் சீலிங் ஈரத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு காரணம் என்றுதான் சொல்கிறேன். பாசியை எடுத்துவிட்டால் ஒழுக்கு நிற்கும் என்று நம்பிக் காசு செலவழித்தவர்கள் நிறையப் பேர். ஓடு வெடித்திருக்கலாம், முகட்டு ஓட்டின் சாந்து விட்டிருக்கலாம், ஓடு கொழுவி நிற்கிற குறுக்குச் சட்டமான சலாகை உக்கி ஓடு சரிந்திருக்கலாம். வெயில் எறிக்கிற ஒரு மத்தியானத்தில் யாரையாவது சீலிங் வாசலுக்குள் தலையை மட்டும் விட்டு, ரோர்ச் இல்லாமல் இருட்டில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கெங்கு வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் மழைக்கும் வழி இருக்கிறது. பிறகு ரோர்ச்சை அடித்து, சலாகையைத் தாங்குகிற சாய்ந்த கைமரத்தில் தண்ணீர் வழிந்த கறையும் கறையான் புற்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சலாகையை ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்க்கும், உக்கினது உள்வாங்கும்.

அந்தத் தொடர்மாடியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. குளிர் நாடுகளில் கூரையின் வடக்குச் சரிவில்தான் பாசி பிடிக்கும் என்பார்கள், அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால். கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை அளவு வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் இங்கே திசை அவ்வளவு முக்கியமில்லை, காலை வெயில்தான் முக்கியம். இரவு மழையையும் பனியையும் உலர்த்துவது அதுதான். கிழக்கே ஏழு மாடி எழும்பியதும் உங்கள் கூரை 11 மணிவரை ஈரத்தோடு கிடக்கிறது. பின்னேரம் மறுபடி மழை. வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஊரில் இது போதும். அந்தக் கட்டடத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பாசி திரும்ப வரும். ஒரேயடியாக ஒழிப்பதாகச் சொல்லி யாராவது வந்தால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் மாதம் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். ஜனவரி, பெப்ரவரியில் அது 100க்குக் கீழே இறங்கும். அதுவரைக்கும் சீலிங்குக்குக் கீழே வாளியை வைத்துச் சமாளியுங்கள். நான்கு வருடம் வளர்ந்த பாசி இரண்டு மாதம் பொறுக்கும். தைப் பொங்கல் முடிந்த கையோடு, ஓடு மாற்றிப் பழகிய பாஸ் ஒருவரையும் இரண்டு உதவியாட்களையும் பிடியுங்கள். கள்ளிக்கோட்டை ஓட்டுக்குப் பொதுவாக ஆணி இல்லை. அடியில் இருக்கும் காது சலாகையில் கொழுவி நிற்கிறது. மேல் வரிசையைக் கொஞ்சம் தள்ளினால் கீழ் ஓடு கையோடு வரும். சீலிங் பக்கத்திலிருந்து கைமரத்தின் குறுக்கே தடித்த பலகை போட்டு, அதன் மேல் நின்று, ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று கழற்றி இறக்க வேண்டும். சீலிங் தகட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆள் ஓட்டின் மேல் நிற்பதே இல்லை. கழற்றிய இடைவெளியில், பலகையில் நிற்கிறார். அப்படி நின்றாலும் ஹார்னஸ் என்கிற உடம்புப் பாதுகாப்புப் பட்டி போட வேண்டும், அதன் கயிற்றை நல்ல கைமரத்தில் கட்ட வேண்டும். கயிற்றை எதில் கட்டப் போகிறீர்கள் என்று பாஸிடம் முதலிலேயே கேளுங்கள். கூரை ஓரத் தண்ணீர்ப் பீலியில் என்றோ, "அதெல்லாம் தேவையில்லை அம்மா" என்றோ பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இறக்கிய ஓட்டை முற்றத்தில் அடுக்கி, தும்புத் தூரிகையாலும் வெறும் தண்ணீராலும் தேய்த்தாலே மெத்தைப் பாசி போய்விடும். கம்பித் தூரிகை வேண்டாம். கழுவின ஓட்டை ஒரு கையில் தொங்கப் பிடித்து மறுகை விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. டொக்கென்று செத்த சத்தம் வந்தால் உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கிறது, ஒதுக்கி வையுங்கள். ஐயாவுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். நிழலில் கதிரை போட்டு இருந்துகொண்டு முழுக் கூரையையும் அவர் சோதித்துவிடலாம், பாஸ்மாரை விடக் கவனமாகச் செய்வார்.

உடைந்ததற்குப் பதில் வாங்கும்போது பழைய ஓடு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். ஒவ்வொரு சூளையின் அச்சும் கொஞ்சம் வேறு. வைக்கால், தங்கொட்டுவைப் பக்க ஓடுகளிலேயே ஒன்றோடு ஒன்று பொருந்தாதவை உண்டு. உங்கள் மாமனார் காலத்து ஓட்டின் முதுகில் மங்களூர் அல்லது கள்ளிக்கோட்டை முத்திரை இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழி வந்த பழைய ஓடுகளை இந்த ஊரில் நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். தோல் கெடாமல் இருந்தால் அவை இன்னும் உழைக்கும்.

ஓட்டைத் திரும்ப அடுக்கும் முன், கீழே வைத்தே பாசி கொல்லி அடிக்கலாம். பெயின்ற் கடையில் ஃபங்கஸ் வோஷ் என்று கேட்டு, போத்தலில் பென்சால்கோனியம் குளோரைட் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். ஓடு காய்ந்திருக்க வேண்டும், வெயில் தணிந்த நேரமாக இருக்க வேண்டும், அடுத்த நாளும் மழை வராததாக இருக்க வேண்டும். செடிக்கு அடிக்கிற கைப்பம்பே போதும். அடித்த பிறகு கழுவக் கூடாது. அது ஓட்டில் தங்கினால்தான் வேலை செய்யும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மீன் தொட்டி இருந்தால் மூடிவிடுங்கள், மீனுக்கு அது நஞ்சு. அடுத்த வருடங்களில் கறுப்புப் படரத் தொடங்கும்போதே, கூரையில் ஏறாமல், நீளக் குழல் பூட்டிய பம்பால் ஏணியில் நின்று அடித்துக்கொண்டு வந்தால் மெத்தை கட்ட விடாமல் வைத்திருக்கலாம். அப்படி அடித்த பாசி உடனே போகாது. ஒன்றிரண்டு கிழமையில் பழுப்பாகும், பிறகு மாதக்கணக்கில் மழையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழும்.

கடைக்காரர் சொன்ன குளோரினும் பாசியைக் கொல்லும், அதை மறுக்கவில்லை. கறுப்புப் பாசி அரை மணித்தியாலத்துக்குள் வெளுத்துவிடும். ஆனால் மெத்தைப் பாசியின் மேல்தோலைத்தான் அது சுடும். அதைக் கழுவ நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒழுகுகிற கூரைக்கு அது நல்லதல்ல. பீலியிலும் ஆணியிலும் உள்ள நாகப் பூச்சை அரிக்கும், கீழே இருக்கிற செடி கருகும். முற்றத்துச் சீமெந்துத் தரைக்கு வேண்டுமானால், கடையில் விற்கும் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்துப் பாவியுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குளோரினோடு டொய்லட் கழுவும் அசிட்டைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பாவிக்கவே வேண்டாம், வாளியையும் பொதுவாக வைக்க வேண்டாம்.

இனி அந்த அஸ்பெஸ்டஸ் பத்தி. அதில் உள்ள பாசியை ஒன்றும் செய்யாதீர்கள். சுரண்ட வேண்டாம், தும்புத்தடியால் தேய்க்க வேண்டாம், பிரஷர் அடிக்கவே வேண்டாம். சீமெந்தும் அஸ்பெஸ்டஸ் நாரும் கலந்த தகடு அது. வருடக்கணக்கான மழையில் மேல் சீமெந்து கரைந்து நார் வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். பாசி பிடிப்பதும் அந்தச் சொரசொரப்பில்தான். தேய்த்தால் நார் பறந்து சுவாசப்பைக்குள் போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகுத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்டஸ் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. இங்கே 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்தது. ஆனால் நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்திவைத்த நேரத்தில் அந்த முடிவு தள்ளிப்போடப்பட்டது. அதனால் இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, ஒருவரும் அதற்குப் பயப்படுவதில்லை. உடையாமல், தொடாமல் இருக்கிற தகட்டுக்கு நீங்களும் பயப்படத் தேவையில்லை. குசினி ஒழுகாவிட்டால் அப்படியே இருக்கட்டும். ஒழுகினால் ஒட்டுப் போடாமல் முழுவதையும் மாற்றுங்கள்: நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றச் சொல்லுங்கள். எங்கே கொண்டு போய்ப் போடுவது என்று மாநகர சபையில் முதலே கேட்டுவையுங்கள். உடைத்து வெறும் காணியில் கொட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது ஊரார் பிள்ளைகள் விளையாடுகிற இடம். உங்கள் பத்தியில் வெளிச்சத் தகடு இருக்கிறதா என்று உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, வருகிற பாஸிடம் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.

தைப் பொங்கல் வரை காத்திருக்க முடியாத வேலை பீலிதான். கழன்ற பாசியும் தொடர்மாடிக் காகங்கள் போட்ட குப்பையும் சேர்ந்து அதில் இப்போது மண்ணே உண்டாகியிருக்கும். அரச மரக் கன்று முளைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிறவரை வளர ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை கொழும்புக்காரர் மறக்க மாட்டார்கள். முன்பக்கப் பீலியைக் கையுறை போட்ட கையால் அள்ளி வாளியில் இறக்கலாம். பத்திப் பக்கத்துப் பீலியில் அஸ்பெஸ்டஸ் நாரும் படிந்திருக்கும். அதை முதலில் நன்றாக நனைத்து, சேறாகவே அள்ளி, பையில் போட்டுக் கட்டுங்கள். காய விட்டுக் கூட்ட வேண்டாம்.

அதற்கும் ஏணி வேண்டும். ஏணியைப் பீலியில் சாய்க்காதீர்கள், சுவரில் சாயட்டும். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் அடியை வெளியே இழுத்து வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சாரத்தோடும் செருப்போடும் யாரும் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன், தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் மின் கம்பி எந்த இடத்தில் சுவரில் சேருகிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் அந்த வயரின் உறை வெயிலில் வெடித்திருக்கும். அந்தப் பக்கம் அலுமினிய ஏணியோ இரும்புத் தடியோ போகக் கூடாது. பொங்கலுக்குப் பிறகு ஓடு கழற்றும் இடம் அதற்குக் கிட்டவென்றால், மின்சாரம் தருகிற நிறுவனத்துக்கு அறிவித்து வயரை ஒழுங்குபடுத்திய பிறகு தொடங்குங்கள்.

கூரை முழுவதையும் இப்போதே பார்க்க வேண்டுமானால் அதற்கும் ஏணி தேவையில்லை. உங்கள் வெயிலை மறைக்கிற அந்தத் தொடர்மாடியில் மூன்றாம், நாலாம் மாடியில் தெரிந்தவர் யாராவது இருப்பார். அவருடைய பல்கனியில் நின்று கைத்தொலைபேசியால் நாலைந்து படம் எடுங்கள்: முகட்டு வரிசை, பீலி ஓரம், ஓடும் தகடும் சேருகிற இடம். மகனுக்கும் அனுப்புங்கள், எனக்கும் அனுப்புங்கள். எத்தனை ஓடு வாங்க வேண்டும், எத்தனை நாள் வேலை என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மெஷின், மருந்து எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.